முள் காட்டும் 230 வோல்ட்

ஊசிமுள் மல்டிமீட்டர் ஒன்று கையில் கிடைத்தால் அதன் முகப்புத் தகட்டின் கீழ் மூலையைப் பாருங்கள். மிகச் சிறிய எழுத்தில் இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். டிசிக்கு, வோல்ட்டுக்கு 20 கிலோ ஓம். ஏசிக்கு, வோல்ட்டுக்கு 9 கிலோ ஓம். சில மீட்டர்களில் ஏசிக்கான எண் 8 என்று இருக்கும்; அமெரிக்கத் தொழிற்கூடங்களில் பல பத்தாண்டுகள் கோலோச்சிய சிம்ப்சன் 260 மீட்டரில் அது 5. டிசிக்கான எண் மட்டும் இவை எல்லாவற்றிலும் அதே 20 தான். மீட்டர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த வரியைப் படிப்பதே இல்லை. ஆனால் உள்ளே இருப்பது ஒரே முள், ஒரே சுருள், ஒரே காந்தம். டிசிக்கு 20 ஆக இருந்த எண், குமிழை ஏசிக்குத் திருப்பியதும் ஏன் பாதிக்கும் கீழே இறங்குகிறது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே போனால், சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் அந்தப் பெட்டிக்குள் நுழைந்து முள்ளை அசைப்பது வரை என்னவெல்லாம் நடக்கிறது என்பது தெரிந்துவிடும்.

முதலில் முள். பிரான்சில் 1882இல், மருத்துவராகவும் இயற்பியலாளராகவும் இருந்த ழாக் அர்சேன் தார்சொன்வால், மார்செல் தெப்ரே என்பவருடன் சேர்ந்து ஒரு கால்வனாமீட்டரை உருவாக்கினார். அசையாத காந்தம், அதன் நடுவே அசையும் சுருள் என்பதே அதன் அமைப்பு. அமெரிக்காவில் எட்வர்ட் வெஸ்டன் அதே பத்தாண்டின் இறுதிக்குள் அதைத் தூக்கிச் செல்லக்கூடிய, நம்பகமான கருவியாகச் செதுக்கியெடுத்தார். இன்று கடையில் கிடைக்கும் மலிவான ஊசிமுள் மீட்டரைப் பிரித்தாலும் அடிப்படையில் அதே பொறிதான் உள்ளே இருக்கிறது. நிலைக்காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே ஓர் உருளை வடிவத் தேனிரும்பு. இரண்டுக்கும் இடையிலுள்ள குறுகிய இடைவெளியில், தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பியால் சுற்றிய சுருள். மேலும் கீழும் கூர்முனைகள் தாங்கி நிற்க, இரண்டு மயிரிழைச் சுருள்விற்கள் அதை அதன் இடத்துக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். சுருளுக்குள் மின்னோட்டம் போகவும் வரவும் அந்த விற்களே பாதை. மின்னோட்டம் பாய்ந்தால் சுருள் திரும்பும், வில் எதிர்க்கும், இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். நடுவிலிருக்கும் தேனிரும்பு உருளையால் சுருள் எந்தக் கோணத்தில் இருந்தாலும் காந்தப்புலம் ஒரே அளவாக அதன்மேல் படுகிறது. ஆகவே மின்னோட்டம் இரட்டிப்பானால் கோணமும் இரட்டிப்பாகும். அளவுகோலில் கோடுகள் சம இடைவெளியில் இருப்பது இதனால்தான்.

இந்தச் சுருளின் நுண்ணுணர்வு எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. நல்ல மல்டிமீட்டரில் முள் முழு வீச்சும் போவதற்கு 50 மைக்ரோ ஆம்பியர் போதும். ஓர் ஆம்பியரை இருபதாயிரமாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்கு. அந்த இருபதாயிரம்தான் தகட்டில் இருக்கும் 20 கிலோ ஓம். ஒரு வோல்ட் கொடுத்தால் 50 மைக்ரோ ஆம்பியர் மட்டுமே பாயவேண்டும் என்றால், ஓம் விதிப்படி பாதையில் 20,000 ஓம் தடை இருக்கவேண்டும். 10 வோல்ட் ரேஞ்சுக்கு 2 லட்சம் ஓம், 250 வோல்ட் ரேஞ்சுக்கு 50 லட்சம் ஓம். ரேஞ்ச் குமிழைத் திருப்பும்போது நாம் செய்வது இவ்வளவுதான்: சுருளோடு தொடரில் இருக்கும் தடையை மாற்றுகிறோம்.

டிசி கதை இத்துடன் முடிந்தது. ஏசியில் சிக்கல் தொடங்குகிறது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு ஐம்பது முழுச் சுற்றுகள், அதாவது நூறு தடவை திசை மாறுகிறது. சுருளோ திசையை மதிக்கும் கருவி. மின்னோட்டம் ஒரு திசையில் வந்தால் முள் வலப்புறம் போகும், எதிர்த்திசையில் வந்தால் இடப்புறம் போய்த் தடுப்பில் முட்டும். முள்ளும் சுருளும் சேர்ந்து ஓர் இடத்தில் அமைதியாக நிற்பதற்கு ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். அதற்குள் அது வலப்புறம் ஐம்பது தள்ளும் இடப்புறம் ஐம்பது தள்ளும் வாங்கியிருக்கும். கனமான ஊஞ்சலை இருபுறமும் இருவர் நின்றுகொண்டு ஒரே பலத்தோடு மாறி மாறிப் படபடவென்று தட்டினால் அது எங்கும் போகாமல் நிற்பதைப் போலத்தான். இரு திசைத் தள்ளும் ஒன்றையொன்று அழித்துவிட, முள் பூச்சியத்திலேயே இருக்கும். உற்றுப் பார்த்தால் லேசான நடுக்கம் தெரியலாம், தெரியாமலும் போகலாம்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. குமிழ் டிசி 250 வோல்ட்டில் இருப்பதைக் கவனிக்காமல் ப்ளக் பாயிண்டில் முனைகளைச் செருகினால் மீட்டர் கெட்டுப்போகாது, பொறி பறக்காது, முள் அசையாது. "கரண்ட் இல்லை" என்று கையை வைப்பவருக்கு 230 வோல்ட்டும் அப்படியே காத்திருக்கும். முள் பூச்சியத்தில் நிற்பதற்கு மின்சாரம் இல்லாதது ஒரு காரணம் மட்டுமே.

திசையைப் பொருட்படுத்தாத கருவிகளும் அந்தக் காலத்திலேயே இருந்தன. இங்கிலாந்தில் ராணுவப் பொறியாளர் பிலிப் கார்டியூ 1880களில் செய்த வோல்ட்மீட்டரில் காந்தமே முள்ளை ஓட்டவில்லை. நீளமான மெல்லிய கம்பி ஒன்று மின்னோட்டத்தால் சூடாகி நீளும். அந்த நீட்சியை முள் காட்டும். சூட்டுக்குத் திசை ஏது? இன்னொரு வகை, நகரும் இரும்புத் துண்டு கொண்ட மீட்டர். பழைய ஸ்விட்ச்போர்டுப் பலகைகளில் பதித்திருக்கும் கனத்த வோல்ட்மீட்டர்கள் பல இந்த வகைதான். சுருள் நிலையாக இருக்க, அதன் புலத்தில் காந்தமாகும் இரும்புத் துண்டு நகரும். மின்னோட்டம் திசை மாறினால் புலமும் மாறுகிறது, இரும்பின் காந்த முனைகளும் கூடவே மாறுகின்றன. ஆகவே விலக்கம் அதே பக்கமாகவே இருக்கிறது. இரண்டும் நேர்மையான கருவிகள். ஆனால் இரண்டும் பெருந்தீனிக்காரர்கள். அளக்கப் போன இடத்திலிருந்து மைக்ரோ ஆம்பியர் கணக்கில் எடுத்தால் போதாது, மில்லி ஆம்பியர் கணக்கில் எடுத்தால்தான் அவை அசையும். சுவர் மின்சாரத்துக்கு அது பொருட்டில்லை. ரேடியோவின் உள்சுற்றில் அப்படி எடுத்தால், அளக்கப்போன மின்னழுத்தமே சரிந்துவிடும்.

லண்டனில் 1923இல் விற்பனைக்கு வந்த ஏவோ மீட்டரை மல்டிமீட்டர்களின் மூதாதை எனலாம். பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் பொறியாளர் டொனால்ட் மெக்கேடி, தந்தி, தொலைபேசி இணைப்புகளைப் பராமரிக்க ஏகப்பட்ட தனித்தனி மீட்டர்களைச் சுமக்க வேண்டியிருந்ததால் மனம் வெறுத்து உருவாக்கியது அது. ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் அது அளந்தது. ஆனால் எல்லாமே டிசி. ஏசியை அதே நுண்ணுணர்வுச் சுருளால் அளக்க இன்னொரு பொருள் வரவேண்டியிருந்தது. 1920களில் அமெரிக்காவில் லார்ஸ் கிரான்டால், பால் கைகர் ஆகியோர் செப்புத் தகட்டின்மேல் படரும் செப்பு ஆக்சைடு, மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் எளிதில் விடுகிறது என்பதைப் பயன்படுத்தி ரெக்டிஃபையர் செய்தார்கள். வில்லை அளவுக்குச் சிறிய ஆக்சைடுத் தகடுகள் மீட்டருக்குள் குடியேறின. பிறகு அவற்றின் இடத்தை ஜெர்மானியம் டயோடு பிடித்தது. அதற்கும் பிறகு சிலிக்கன்.

டயோடு செய்யும் வேலை எளிது. நேர்த்திசை அரைச் சுற்றைச் சுருளுக்குள் விடுகிறது, எதிர்த்திசை அரைச் சுற்றைத் தடுத்துவிடுகிறது. இப்போது முள்ளுக்கு வலப்புறத் தள்ளு மட்டும்தான், நொடிக்கு ஐம்பது முறை. தள்ளுக்குத் தள்ளு துள்ள அதனால் முடியாது. ஆகவே அந்தத் துடிப்புகளின் சராசரியில் போய் நிலைகொள்கிறது. சராசரியில்தான் நிற்கிறது என்பதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாமே அதிலிருந்து முளைப்பவை.

உண்மையான மீட்டரில் டயோடு ஒன்று அல்ல, பெரும்பாலும் இரண்டு இருக்கும். இரண்டாவது டயோடு முள்ளுக்கு எதையும் தருவதில்லை. எதிர்த்திசை அரைச் சுற்றின் மின்னோட்டம் சுருளைத் தொடாமல் திரும்பிப்போக அது ஒரு தனிவழி. அந்த வழி இல்லாவிட்டால் என்ன ஆகும்? எதிர்த்திசையில் மின்னோட்டமே இல்லை என்றால் தொடரில் இருக்கும் பெரிய தடையில் மின்னழுத்த இறக்கமும் இருக்காது. சுவரின் உச்ச மின்னழுத்தம் முழுவதும் அந்தப் பொடி டயோடின் தலையில் ஏறும். ஆக்சைடோ ஜெர்மானியமோ அதைத் தாங்காமல் எதிர்த்திசையிலும் கசியத் தொடங்கும். இரண்டாவது டயோடு வைத்தால் எந்த அரைச் சுற்றிலும் முதல் டயோடின்மேல் ஒரு வோல்ட்டுக்கு மேல் வராது. சர்க்யூட் படத்தில் சும்மா நிற்பதுபோல் தோன்றும் ஓர் உறுப்பு முதல் உறுப்பின் உயிரைக் காக்கிறது. மின்னணுவியலில் எனக்குப் பிடித்த சின்னச் சின்ன நுட்பங்களில் இது ஒன்று.

சரி, சராசரி எவ்வளவு? சுவர் மின்சாரம் சைன் அலை. 230 வோல்ட் என்று நாம் சொல்வது அதன் உச்சத்தை அல்ல. உச்சம் 325 வோல்ட். 230 என்பது அதன் பயனுறு மதிப்பு, தொழிலில் இருப்பவர்கள் ஆர்.எம்.எஸ் என்பார்கள். குண்டு பல்பு ஒன்று 230 வோல்ட் டிசியில் எவ்வளவு சூடாகுமோ, அதே அளவு சூட்டை எந்த ஏசி தருகிறதோ அதற்கு 230 என்று பெயர் வைத்திருக்கிறோம். சூடு மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் ஒவ்வொரு கணத்தின் மின்னழுத்தத்தையும் வர்க்கமாக்கி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் காணவேண்டும். சைன் அலைக்கு அது உச்சத்தை 1.414ஆல் வகுத்தால் வருவது.

முள்ளுக்கு வர்க்கமும் தெரியாது, மூலமும் தெரியாது. அதற்குத் தெரிந்தது வெறும் சராசரி. 325 வோல்ட் உச்சமுள்ள சைன் அலையின் ஓர் அரைச் சுற்றின் சராசரி 207 வோல்ட். ஒன்றுவிட்டு ஒன்றுதான் சுருளுக்குப் போகிறது என்பதால் அதிலும் பாதி, ஏறத்தாழ 103.5. ஆக, சுவரில் 230 இருக்கும்போது முள் உணர்வது 103.5 மட்டுமே. 230க்கும் 103.5க்கும் உள்ள விகிதம் 2.22. மீட்டர் செய்பவர்கள் இந்த விகிதத்தைக் கணக்கில் வைத்து, தொடர் தடையை 2.22ஆல் வகுத்துக் குறைத்துவிடுகிறார்கள். தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும், முள் 230க்கு வந்து நிற்கும். 20ஐ 2.22ஆல் வகுத்துப் பாருங்கள். 9 வரும். தகட்டு மூலையில் இருக்கும் இரண்டாவது எண் அதுதான். நான்கு டயோடுகளை வைத்து இரு அரைச் சுற்றுகளையும் ஒரே திசையில் திருப்பிவிடும் மீட்டர் என்றால் முள் 207ஐ முழுதாக உணரும், விகிதம் 1.11, எண் 18 ஆகலாம். 8, 5 என்றெல்லாம் இருப்பவற்றில் சுருளுக்குப் பக்கத்தில் ஒரு தடை வைத்து மின்னோட்டத்தில் ஒரு பகுதியை வேண்டுமென்றே திருப்பிவிட்டிருப்பார்கள். டயோடுக்குள் சற்றுக் கூடுதலாக மின்னோட்டம் ஓடினால் அது ஒழுங்காக நடந்துகொள்ளும். அதற்காகத் தரும் விலை அது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம், அபாயம் இல்லை. 9 வோல்ட் பேட்டரி ஒன்றை எடுத்து, மீட்டரை ஏசி 50 வோல்ட் ரேஞ்சில் வைத்து, முனைகளைத் தொடுங்கள். அரை அலை மீட்டரானால் ஒரு பக்கம் தொட்டால் முள் 20க்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். முனைகளை மாற்றித் தொட்டால் பூச்சியம். 9 வோல்ட் 20 ஆனது எப்படி என்று இப்போது கேட்க வேண்டியதில்லை, 9ஐ 2.22ஆல் பெருக்கினால் வருவது அது, டயோடு தின்றதைக் கழித்துக்கொள்ளுங்கள். எப்படித் தொட்டாலும் 10ஐ ஒட்டியே காட்டினால் உங்கள் மீட்டர் முழு அலை. முள் ஒரு துள்ளு துள்ளிவிட்டுப் பூச்சியத்துக்குத் திரும்பினால் பாதையில் ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. மூடியைக் கழற்றாமலே மீட்டரின் உள்சுற்றைப் படித்துவிடலாம் என்பதுதான் இந்தச் சோதனையின் அழகு. மாணவர்களுக்கு ரெக்டிஃபையர் பாடம் நடத்துகிறவர்கள் கரும்பலகையைத் தொடுவதற்கு முன் இதைச் செய்துகாட்ட வேண்டும் என்பது என் ஆசை.

டயோடு தின்பதைப் பற்றிச் சொன்னேன். சிலிக்கன் டயோடு ஏறத்தாழ அரை வோல்ட்டைத் தாண்டிய பிறகுதான் நன்றாகத் திறக்கும். ஜெர்மானியம் அதற்கு வெகு முன்பே, இரண்டு மூன்று பத்தில் ஒரு வோல்ட்டிலேயே திறந்துவிடும். மீட்டர்களில் ஜெர்மானியம் நெடுங்காலம் நீடித்ததற்கு இதுவே காரணம். 325 வோல்ட் உச்சத்தில் அரை வோல்ட் போனால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆனால் ஒரு வோல்ட் ஏசியை அளக்கப்போகும்போது டயோடு கணிசமான பங்கை விழுங்கிவிடும். அரை வோல்ட்டில் முள் அசைவதே அரிது. எனவே தாழ்ந்த ரேஞ்சில் சம இடைவெளிக் கோடுகள் பொய் சொல்லும். பல மீட்டர்களில் ஏசி 10 வோல்ட்டுக்கு மட்டும் தனியாகச் சிவப்பு வளைவு ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் பூச்சியத்துக்குப் பக்கத்தில் கோடுகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடக்கும், வலப்பக்கம் போகப் போகத்தான் விரியும். டயோடின் குணத்தைச் சுற்றை மாற்றித் திருத்த முடியாததால், தகட்டில் கோடு போட்டுத் திருத்தியிருக்கிறார்கள்.

இதுவரை சொன்னதில் ஓர் அனுமானம் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. அளக்கப்படுவது சைன் அலை என்ற அனுமானம். 2.22, 1.11 எல்லாம் சைன் அலைக்கு மட்டுமே பொருந்தும் எண்கள். மின்நிலையத்தின் ஜெனரேட்டரிலிருந்து வருவது பெருமளவுக்குச் சைன் அலைதான் என்பதால் நெடுங்காலம் இது பிரச்சினையாகவே இருக்கவில்லை. இப்போது வீட்டுக்குள்ளேயே அலையை வெட்டும், ஒட்டும் கருவிகள் நிறைந்துவிட்டன.

குண்டு பல்போடு இணைத்த ஒரு டிம்மரை எடுத்துக்கொள்வோம். அதற்குள் இருக்கும் ட்ரையாக், ஒவ்வொரு அரைச் சுற்றின் தொடக்கப் பகுதியைத் தடுத்து, மீதியை மட்டும் விடுகிறது. சரியாகப் பாதியில், அதாவது அலை உச்சத்துக்கு வரும் கணத்தில் திறக்கும்படி வைத்தால், பல்புக்கு அலையின் பாதிப் பரப்பு போகிறது. சூடும் சரியாகப் பாதி. அப்படியானால் பயனுறு மின்னழுத்தம் 230ஐ 1.414ஆல் வகுத்தது, ஏறத்தாழ 163 வோல்ட். ஆனால் முள் சராசரி பார்க்கிறது. பரப்பு பாதி என்றால் சராசரியும் பாதி. முள் 115இல் நிற்கும். 163 இருக்கும் இடத்தில் 115. இது சின்ன வித்தியாசம் இல்லை. 115ஐ நம்பிக் கணக்குப் போட்டால் பல்புக்குக் கால் பங்கு மின்திறன் போகிறது என்று விடை வரும். உண்மையில் போவது அரைப் பங்கு.

இன்வெர்ட்டரில் இந்தப் பிழை இரு பக்கமும் ஆடும். மின்வெட்டுக் காலத்தில் நம் வீடுகளுக்குள் நுழைந்த மலிவான இன்வெர்ட்டர்கள் பலவும் சைன் அலை தருவன அல்ல, சதுர அலை தருவன. இடைவெளியே இல்லாத முழுச் சதுர அலையில் சராசரியும் பயனுறு மதிப்பும் ஒன்றே. உண்மை 230 என்றால் மீட்டர் அதை 1.11ஆல் பெருக்கி 255 என்று காட்டும். அதே 230ஐ, 325 வோல்ட் உச்சமும் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் பாதி நேர இடைவெளியும் கொண்ட படிக்கட்டு அலையாகத் தரும் இன்வெர்ட்டரில் அளந்தால் 181 என்று காட்டும். இரண்டிலும் பல்பு ஒரே பிரகாசத்தில் எரியும். மீட்டரை மட்டும் பார்க்கிறவர் ஒன்றில் மின்னழுத்தம் எகிறுகிறது என்பார், இன்னொன்றில் இறங்கிவிட்டது என்பார். இரண்டு பெட்டிகளையும் திறந்து சரியாக இருப்பதைத் திருகத் தொடங்குவார். மீட்டர் பழுதில்லை, இன்வெர்ட்டரும் பழுதில்லை. தகட்டில் 1.11 என்ற விகிதத்தை அச்சடித்த அன்றே இந்த முரண் பிறந்துவிட்டது.

இதை ஊசிமுள் மீட்டரின் குறை என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. 'ட்ரூ ஆர்.எம்.எஸ்' என்று போடாத மலிவான டிஜிட்டல் மீட்டரும் உள்ளே இதையேதான் செய்கிறது: சராசரி எடுக்கிறது, 1.11ஆல் பெருக்குகிறது, பெருக்கியதைப் புள்ளி வைத்துத் துல்லியமாகக் காட்டுகிறது. 115.3 என்று எண்ணாகத் தெரிவதால் நம்பிக்கை இன்னும் கூடிவிடுகிறது, அவ்வளவே வித்தியாசம். வேடிக்கை என்னவென்றால், பெருந்தீனிக்காரன் என்று நாம் ஒதுக்கிய பலகை வோல்ட்மீட்டர் இந்த விஷயத்தில் உண்மைக்கு நெருக்கமாக நிற்கும். அதில் விசை மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே அலை எந்த வடிவில் வந்தாலும் இயல்பாகவே அது பயனுறு மதிப்பின் பக்கம் சாய்கிறது. அதன் அளவுகோலில் தொடக்கத்தில் கோடுகள் நெருங்கியிருப்பதும் அந்த வர்க்கத்தால்தான்.

அதிர்வெண் பற்றி ஒரு வார்த்தை. 50 ஹெர்ட்ஸுக்கு நன்றாக வேலை செய்யும் மீட்டர் ஒலி அதிர்வெண்களிலும் ஓரளவு செய்யும். அதற்கு மேலே போகப் போக டயோடின் உள்கொள்ளளவும் பெரிய தடைகளைச் சுற்றியுள்ள கண்ணுக்குத் தெரியாத கொள்ளளவும் கணக்கைக் கெடுத்துவிடும். உயர்ந்த ரேஞ்சுகளில் இது இன்னும் சீக்கிரம் நிகழும். சில மீட்டர்களில் 'அவுட்புட்' என்று தனித் துளை இருக்கும். அதன் பின்னால் ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. வால்வு ரேடியோவில் நூற்றுக்கணக்கான வோல்ட் டிசிமேல் ஏறி வரும் பாட்டுச் சத்தத்தை மட்டும் பிரித்து அளக்க வைத்தது அது.

இனி, அந்த 230ஐ எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி. ஊசிமுள் மீட்டரின் ஏசிப் பிழை வழக்கமாக 4 அல்லது 5 விழுக்காடு. அது காட்டும் எண்ணில் 4 விழுக்காடு என்று பலர் நினைக்கிறார்கள். முழு அளவுகோலில் 4 விழுக்காடு என்பதே சரி. 250 வோல்ட் ரேஞ்சில் அது 10 வோல்ட். முள் 230இல் நின்றால் உண்மை 220இலிருந்து 240க்குள் எங்கும் இருக்கலாம். அதையே 1000 வோல்ட் ரேஞ்சில் அளந்தால் பிழை 40 வோல்ட்டாகிவிடும். தெரியாத மின்னழுத்தத்தை உயர்ந்த ரேஞ்சிலிருந்து தொடங்க வேண்டும் என்பது சரி, ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. முள் வலப்பக்க மூன்றில் ஒரு பங்குக்குள் வரும்வரை இறங்கி வரவேண்டும். வளைவுக்கு அடியில் ஒட்டியிருக்கும் கண்ணாடிப் பட்டையில் முள்ளின் பிம்பம் முள்ளுக்குப் பின்னால் மறையும்படி கண்ணை வைத்துப் படிக்க வேண்டும். அந்தக் கண்ணாடி அலங்காரத்துக்கு ஒட்டியதில்லை.

இவ்வளவு பிழையோடு இதை ஏன் இன்னும் வைத்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். எனக்கு இரண்டு காரணங்கள். பம்புசெட் மோட்டார் கிளம்பும்போது மின்னழுத்தம் எப்படிச் சரிந்து எப்படி மீள்கிறது என்பதை முள் ஒரு வீச்சில் காட்டிவிடும். தாவித் தாவி மாறும் இலக்கங்களில் அந்த அசைவைப் படிப்பது கடினம். மற்றது, தொங்கும் கம்பி.

சுவருக்குள் ஒரே குழாயில் பேஸ் கம்பியோடு பல மீட்டர் தூரம் ஒட்டியே போகும் ஒரு கம்பி இருக்கிறது, அதன் இரு முனைகளும் எதோடும் இணைக்கப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். இரு கம்பிகளுக்கும் நடுவே இயல்பாகவே ஒரு சிறு கொள்ளளவு உருவாகிவிடும். 100 பிக்கோ ஃபாரட் என்று எடுத்துக்கொண்டால் 50 ஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 32 மெகா ஓம் தடைபோல நடந்துகொள்ளும். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை வழக்கமாக 10 மெகா ஓம். அதை அந்தக் கம்பியில் வைத்தால் ஏறக்குறைய 70 வோல்ட் காட்டும். உள்ளே எங்கோ பேஸ் கசிகிறது என்று எலக்ட்ரீஷியன் சுவரை உடைக்கக் கிளம்பிவிடுவார். வோல்ட்டுக்கு 9 கிலோ ஓம் உள்ள ஊசிமுள் மீட்டரை 250 வோல்ட் ரேஞ்சில் வைத்தால் அதன் தடை 2.25 மெகா ஓம் மட்டுமே. அதே கம்பியில் அது 16 வோல்ட்டைத்தான் காட்டும். ஏசிக்காகத் தடையைக் குறைக்க வேண்டி வந்தது ஒரு குறையாகவே சொல்லப்படுகிறது. இந்த இடத்தில் அதே குறை, ஆவியாகத் தொங்கும் மின்னழுத்தத்தையும் உண்மையாகவே பின்னால் ஆற்றல் உள்ள மின்னழுத்தத்தையும் பிரித்துக்காட்டுகிறது. உண்மையில் பேஸோடு தொட்டிருக்கும் கம்பியானால் இரண்டு மீட்டரும் 230தான் காட்டும்.

ஆனால் முள் தாழ்ந்து நிற்கிறது என்பதற்காகக் கம்பியைத் தொட்டுவிடக் கூடாது. குமிழ் டிசியில் இருந்திருக்கலாம், புரோப் ஒயர் உள்ளுக்குள் அறுந்திருக்கலாம், மீட்டரின் ஃபியூஸ் போயிருக்கலாம், டயோடே எரிந்திருக்கலாம். இவை எல்லாவற்றிலும் முள் அதே பூச்சியத்தைத்தான் காட்டும். தொழில் தெரிந்தவர்கள் முதலில் மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு ப்ளக் பாயிண்டில் அதே ரேஞ்சில் வைத்து முள் 230க்குப் போகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு சந்தேகப்படும் கம்பியில் வைப்பார்கள். அங்கே பூச்சியம் வந்தாலும் மெயினை அணைத்துவிட்டு உடனே வேலையில் இறங்கிவிட மாட்டார்கள். அணைப்பதற்கு முன் மீண்டும் அந்த முதல் ப்ளக் பாயிண்டுக்கே போய், முள் இன்னொரு முறை 230க்கு எழுவதைப் பார்த்த பிறகுதான் அணைத்து, ஸ்க்ரூடிரைவரை எடுப்பார்கள்.